அரை நூல்

கௌலோ என்கிற தீவு ஊரில் சைக்கிள் இல்லாத வீடு ஒன்றிரண்டு இருக்கலாம். துரு ஏறாத சைக்கிள் ஒன்றுகூடக் கிடையாது. தீவின் அகலமே கூப்பிடு தூரம்தான். கிழக்கே இருந்து காற்றடித்தாலும் உப்பு, மேற்கே இருந்து அடித்தாலும் உப்பு. சாலையெல்லாம் பவளப்பாறையை நொறுக்கிப் போட்ட வெள்ளைப் பொடி. அந்தப் பொடி எண்ணெயோடு சேர்ந்து செயினுக்குள் புகுந்தால் அப்புறம் ஒவ்வொரு மிதியும் அரம் போடுகிற மாதிரிதான்.

அதனால் வேய்சினியாவுக்கு வேலை ஓய்ந்ததில்லை. வீட்டு முன்னாலிருந்த ஈரப்பலா மரத்தடியில் ஒரு பழைய பாய், ஒரு தகரப்பெட்டி, அதற்குள் திருப்புளி, சுத்தி, செயின் ஊசி தள்ளுகிற கருவி, பன்னிரண்டு அங்குல இரும்பு ஸ்கேல். புருஷன் செமிசிக்குக் கடல், அவளுக்குச் சைக்கிள் என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டது. இப்போது செமிசி இல்லை. கறுப்பு உடை உடுத்தி, துக்கம் காக்கிறவர்கள் அணிகிற கிழிந்த பாயை முழங்கால் வரை தொங்க இடுப்பில் கட்டிக்கொண்டு, அதே மரத்தடியில் அதே வேலை.

அன்று காலை ரொட்டிக்காரன் தௌஃபா வந்திருந்தான். துறைமுக ஊரான பாங்காயில் சுட்ட ரொட்டியை வடக்கே கடைசி ஊர் வரைக்கும் கொண்டுபோகிறவன்.

"எண்ணெய் விட்டுக் கொடு தாயே, போதும். ரொட்டி ஆறுது."

"போன வாரமும் எண்ணெய்தான் விட்டுக்கிட்டுப் போனே. பல்லு வலிக்கு நெத்தியில தைலம் தேச்ச கதை. நில்லு."

வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு, பெடலைக் கையால் அழுத்திச் செயினை விறைப்பாக்கினாள். அடிப்பக்கம் தொங்கியது, மேல்பக்கம் கம்பி மாதிரி நின்றது. ஸ்கேலின் சைபர் கோட்டை ஒரு கண்ணியின் ஊசி நடுவில் வைத்து அப்படியே நீட்டிப் பிடித்தாள்.

"வா, குனிஞ்சு பாரு. ஒவ்வொரு அங்குலத்துக் கோட்டுலயும் ஒரு ஊசி உக்காரணும். பன்னெண்டாவது கோட்டுல உன் ஊசி எங்க இருக்கு?"

தௌஃபா தன் தொந்தியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"கோட்டைத் தாண்டி நிக்குது. ஒரு எறும்பு அளவு."

"அரை நூல். அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு ஒரு நூல். அரை நூல் தாண்டுனா செயினை மட்டும் மாத்துனாப் போதும். ஒரு நூல் ஆகுற வரைக்கும் விட்டியோ, அது பல்லுச்சக்கரத்தைத் தின்னுடும். அப்புறம் பின்பல்லு, முன்பல்லு எல்லாத்தையும் கழட்டிக் கடல்ல போட வேண்டியதுதான்."

"இரும்பு எப்படி நீளும்? ரப்பரா அது?"

"இரும்பு நீளாது. ஊசி தேயும், ஊசி உக்காந்திருக்கிற ஓட்டை தேயும். கண்ணிக்குக் கண்ணி மயிரிழை. அத்தனையும் சேந்துதான் உனக்கு எறும்பாத் தெரியுது."

"எம் பொண்டாட்டி கையில அந்த ஸ்கேலைக் குடுத்துடாத. என்னை அளந்து பாத்துட்டு அவளும் மாத்தணும்பா."

வேய்சினியா சிரிக்கவில்லை என்றாலும் உதட்டோரம் அசைந்தது. புதுச் செயினை வெட்டி, பூட்டி, பின்சக்கரத்தை இழுத்து முடுக்கினாள். தௌஃபா ஏறி மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான்.

"அடேயப்பா! மூச்சுச் சத்தம்கூட இல்ல. உன் வண்டி மாதிரியேல்ல ஓடுது. அது வர்றதும் தெரியாது போறதும் தெரியாது, திடீர்னு பக்கத்துல..."

நின்றுவிட்டது பேச்சு. வண்டியும் நின்றது.

"எந்த வண்டி?" என்றாள் வேய்சினியா. "நான்தான் ஒரு வருசமா சைக்கிள்லயே ஏறலையே."

"நான் யாரையோ நினைச்சுச் சொல்லிட்டேன்." தௌஃபா இரண்டு ரொட்டியை எடுத்துப் பாயில் வைத்தான். வழக்கமாக இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூன்று ஊர்க் கதையும் பேசிவிட்டுப் போகிறவன், அவள் முகத்தைப் பார்க்காமல் வடக்கே மிதித்துக்கொண்டு போனான்.

*

செமிசி போனது போன வருடம், திமிங்கிலங்கள் தெற்கேயிருந்து வந்து சேருகிற குளிர் மாதத்தில். விடிந்தும் விடியாமல் படகில் போனவன். படகு மட்டும் மறுநாள் பாறைத்திட்டில் கிடைத்தது, இயந்திரம் கழலாமல், வலை நனையாமல். உடம்பு கிடைக்கவில்லை. கோயில் கல்லறையில் ஒரு பெட்டியில் அவன் சட்டையையும் இடுப்புப் பாயையும் வைத்து மூடி, மேலே வெள்ளை மணலைக் கொட்டிக் கறுப்புக் கூழாங்கல் பதித்தார்கள். ஊரே ஓலமிட்டது. வேய்சினியாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. சட்டையைப் பார்த்து எப்படி அழுவது?

வருகிற சனிக்கிழமை கறுப்பைக் கழற்றுகிற விருந்து. பன்றி சொல்லியாகிவிட்டது. கிழங்கு வந்துவிட்டது. செமிசியின் அக்கா கலோலைனே எல்லாவற்றையும் முன்னின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்கு அப்பாவின் அக்கா என்றால் அவள் சொல்லுக்கு அந்த மண்ணில் மறுசொல் கிடையாது. சவப்பெட்டிப் பக்கத்தில் முதல் இடம் அவளுக்கு, விருந்தில் முதல் பங்கு அவளுக்கு, பிள்ளையைக் கேட்டால் பிள்ளையும் அவளுக்கு.

அவள் கேட்டும்விட்டாள். விருந்து முடிந்ததும் ஆக்லாந்தில் இருக்கிற மூத்த மகனிடம் போகப்போகிறாள், வேய்சினியாவின் எட்டு வயது மகள் சியுலாவையும் கூட்டிக்கொண்டு. செமிசியின் சைக்கிள் பாங்காய்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் சின்ன மகனுக்கு.

"சரி மதினி" என்று மட்டும்தான் வேய்சினியா சொன்னாள். இரண்டுக்கும் ஒரே 'சரி'.

தௌஃபா போன பிறகு, கொடுக்கப்போகிற வண்டியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வீட்டின் பின்னால் மழைத்தண்ணீர்த் தொட்டியோரம் போனாள். செமிசி போவதற்கு முந்தின வாரம்தான் அதற்குப் புதுச் செயின் போட்டிருந்தாள். அவன் போன பிறகு பழைய பாயால் மூடி நிறுத்தியது. அன்றிலிருந்து தொட்டதில்லை.

பாய் மேலே இல்லை. நாலாக மடித்துத் தொட்டி மேல் வைத்திருந்தது.

டயரை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. ஒரு வருடம் நின்ற வண்டியில் காற்று எப்படி நிற்கும்? செயினைத் தொட்டாள். விரலில் ஒட்டியது துரு இல்லை, எண்ணெய். முன்பல்லில் சுற்றியிருந்த செயினை இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுத்தாள். புதுச் செயின் அசையக்கூடாது. இது எழும்பி வந்தது. பல்லின் அடி தெரிந்தது.

மரத்தடிக்குப் போய் ஸ்கேலை எடுத்து வந்தாள். சைபர் கோட்டை ஊசி நடுவில் வைத்து நீட்டிப் பிடித்தாள். பன்னிரண்டாவது கோட்டைத் தாண்டி ஊசி நின்றது. இது எறும்பு அளவு இல்லை. ஒரு நூல். முழு நூல். பின்பல் ஒவ்வொன்றும் சுறாவின் பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தது.

அவள் அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சும்மா நிற்கிற செயின் துருப்பிடிக்கும், இறுகும், கிறீச்சிடும். ஆனால் நீளாது. மிதித்தால்தான் நீளும். சும்மா ஊருக்குள் சுற்றினாலும் இவ்வளவு ஆகாது. இந்தத் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நாள் தவறாமல், எதிர்க்காற்றில் மிதித்தால் ஒரு வருடத்தில் இப்படி ஆகும்.

வெயில் தகரக் கூரையில் டக் டக்கென்று வெடித்தது. யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

*

கௌலோவில் சாலை விமான ஓடுதளத்தின் குறுக்கே போகிறது. விமானம் வரும்போது இரண்டு பக்கமும் படலைச் சாத்திவிடுவார்கள். வடக்கே போகிற எந்த வண்டியும் காவல்காரன் லாத்துவின் கண்ணில் படாமல் போக முடியாது. வேய்சினியா நேரே அவனிடம் போனாள்.

"லாத்து, செமிசியோட வண்டி இந்தப் பக்கம் போகுதா?"

லாத்து வானத்தை அண்ணாந்து பார்த்தான். "விமானம் வர்ற நேரம்."

"விமானம் நாளைக்குத்தான். நான் கேட்டதுக்குச் சொல்லு."

"எத்தனையோ பேரு போறாங்க, வர்றாங்க."

"செமிசியோட வண்டியில யாரு போறா?"

லாத்து எழுந்து போய்ப் படலை இழுத்துச் சாத்தினான். வானம் காலியாக இருந்தது. சாத்திய படலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போ வேய்சி. வெயில் ஏறுது" என்றான். அவன் கண்ணில் இருந்தது பயம். பெரிய ஆள், பன்றியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பவன், அவளைப் பார்த்துப் பயப்படுகிறான்.

திரும்பி வரும் வழியில் வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த கிழவி ஒருத்தியிடம் கேட்டாள். கிழவி வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுக்காமலே தலையை ஆட்டினாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள், "கடல்ல போனவங்க சமாச்சாரத்தை நடு ரோட்டுல வச்சுக் கேக்காத பிள்ளே."

கடலில் போனவர்கள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது வேய்சினியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. பயமாக இருந்தது. அதற்கு அடியிலேயே, அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது. அவன் வருகிறான். வந்து தன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். ஊரெல்லாம் பார்த்திருக்கிறது, அவளைத் தவிர.

அப்படியானால் தேய்ந்த செயினில் அவன் ஏன் போக வேண்டும்?

சாயங்காலமே புதுச் செயின் பூட்டினாள். பின்பல்லும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. புதுச் செயினின் கண்ணி தேய்ந்த பல்லில் சரியாக உட்காராது, அழுத்தி மிதித்தால் தாவும். ஆனால் பின்பல் கைவசம் இல்லை, கப்பலில்தான் வரவேண்டும். 'மெதுவா மிதிங்க' என்று வண்டியின் கைப்பிடியைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் மரவள்ளிக் கிழங்கும் கொஞ்சம் மீனும் சாப்பிட்டாள். சியுலா வழக்கம்போல அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டாள். வெயில் உச்சிக்கு வந்தது. நாய்கூடக் குரைக்காத நேரம். கௌலோவில் எல்லோரும் படுக்கிற நேரம். இன்றைக்குப் படுக்கக்கூடாது, ஜன்னலோரம் உட்கார்ந்து தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தது நினைவிருக்கிறது. இந்த ஒரு வருடமாக அவளுடைய மத்தியானத் தூக்கம் மற்றவர்கள் தூக்கம் மாதிரி இல்லை. கிணற்றில் கல் விழுகிற மாதிரி.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாயில் படுத்திருந்தாள். வலது முழங்கால் எரிந்தது. பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். தோல் உரிந்து, ரத்தம் காய்ந்து, அதில் வெள்ளைப் பவளப்பொடி அப்பியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் சிராய்ப்பு. பாவாடை ஓரத்தில் செயின் எண்ணெய் பட்டுப் பட்டையாக ஒரு கோடு.

நொண்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, ஆனால் கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பி, வலது பெடலில் மண். செயினைத் தொட்டாள். சூடாக இருந்தது. வெயிலா, ஓடின சூடா என்று யோசிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதுச் செயின் தாவியிருக்கிறது. மிதித்துக்கொண்டிருந்தவர் விழுந்திருக்கிறார். விழுந்தவருக்கு வலது முழங்காலில் அடி.

*

கலோலைனே தன் வீட்டுத் தரையில் தாழை ஓலையை விரித்துப் பாய் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் சூடாக இருந்தது, ஒரு சுத்தமான துணியும். வேய்சினியாவைப் பார்த்ததும் ஓலையை ஒதுக்கினாள்.

"உக்காரு. காலை நீட்டு."

"மதினி, எனக்கு அடிபட்டிருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ வடக்கே கடல் பாதையில விழுந்துட்டேன்னு லாத்து ஓடி வந்து சொன்னான். நீ எந்திரிச்சு வண்டியை உருட்டிக்கிட்டு வந்தியாம். அவன் பின்னாலயே வந்திருக்கான். நீ அவனைத் திரும்பிக்கூடப் பாக்கலையாம்."

கலோலைனே துணியை எண்ணெயில் நனைத்துக் காயத்தில் ஒற்றினாள். வேய்சினியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"சட்டையைப் பொதைச்சு ஒரு மாசம் இருக்கும். அப்போலேருந்து. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. கோயில் மணி கேட்டா நீ எந்திரிச்சு உக்காந்துக்குவ."

"எங்க போறேன்?"

"ஃபோவா முனைக்கு. அவன் படகு விட்ட எடத்துக்கு."

"போயி?"

"எண்ணெய் விடுறதும் நீதான், காத்தடிக்கிறதும் நீதான், துடைச்சு நிறுத்துறதும் நீதான். நாலு மணிக்கு எந்திரிச்சு, 'உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு மதினி'ம்ப. நானும் 'ஆமா, வயசாகுதுல்ல'ம்பேன்."

"போயி என்ன செய்றேன்னு கேட்டேன்."

கலோலைனே துணியைப் பிழிந்தாள். அவளுக்கு அறுபது வயது. பாதிரியாரையே கைகட்டி நிற்க வைக்கிறவள். இப்போது கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத மாசம் நீ எப்படி இருந்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? ஒரு வாய் சோறு எறங்கல. பிள்ளை பக்கத்துல வந்தா யாரோ பிள்ளை மாதிரி பாத்தே. சரி, உனக்கும் ஒரு சவப்பெட்டிக்குச் சொல்லி வைக்க வேண்டியதுதான்னு நான் நினைச்சேன். அப்புறம் ஒருநாள் மத்தியானம் நீ வண்டிய எடுத்துக்கிட்டுப் போனே. சாயங்காலம் எந்திரிச்சு வந்து கிழங்கு அவிச்சே. ரெண்டு துண்டு தின்னே. சியுலா தலையச் சீவி விட்டே. நான் என்ன செய்யணும்ங்கிறே? ஆவி புடிச்சவங்களுக்குத் தழை பிழிஞ்சு கண்ணுல விடுற வைத்தியக்காரிய கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது, அவளாத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு மூணு ஊருக்கும் சொன்னது நான்தான்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"பயந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. கண்ணு தொறந்திருக்கும், உள்ள ஆள் இருக்காது. விமானம் வர்றப்போ லாத்து படலைச் சாத்துனா, நீ படலை ஒட்டி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பியாம். தொறந்ததும் போவியாம். அவன் ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்தான்."

வேய்சினியா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். வேறொருத்தி பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்த கைகள் மாதிரி இருந்தன.

"அதுக்குத்தான் பிள்ளைய கேட்டீங்களா?"

"பின்ன? நான் போன பிறகு, இப்படி இருக்கிற ஒருத்திகிட்ட பொம்பளப் பிள்ளைய எப்படி விடுவேன்? நீயே சொல்லு."

அது நியாயம்தான்.

"மதினி, ஒரு நாளாவது யாராவது கிட்ட வந்து பாத்தீங்களா? அங்க நான் என்ன செய்றேன்?"

"நான் வந்தேன். ஒரே ஒரு நாள். ரொட்டிக் கடை வண்டியில ஏறிக்கிட்டு உன் பின்னாலயே வந்தேன். நீ தாழம்புதர் தாண்டி மணல்ல உக்காந்திருந்தே. எனக்கு உன் முதுகு தெரிஞ்சுது. பேசிக்கிட்டு இருந்தே. கூரையில ஒழுகுறதப் பத்தி, சியுலாவுக்குப் பல்லு விழுந்ததப் பத்தி. நடுவுல சிரிச்சே. புருஷன்கிட்டப் பேசுற மாதிரி இல்ல, புருஷன்கிட்டதான் பேசுனே."

"அப்புறம்?"

"அப்புறம் நான் திரும்பி வந்துட்டேன்."

"ஏன் மதினி? அவ்வளவு தூரம் வந்துட்டு?"

கலோலைனே நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனும் பொண்டாட்டியும் பேசிக்கிட்டு இருக்கிற எடத்துல அக்காக்காரி நிக்கலாமாடி? அவன் வளந்த பிறகு, நம்ம வழக்கப்படி, ஒரு கூரைக்கடியில நாங்க உக்காந்து பேசுனது இல்ல. நான் இருக்கிற எடத்துல அவன் ஒரு கேலி வார்த்தை சொன்னது இல்ல. உங்கிட்ட அவன் பேசுறதை நான் ஒட்டுக் கேக்கலாமா?"

வேய்சினியா காலை இழுத்துக்கொண்டாள்.

"அவரு பேசுனது உங்களுக்குக் கேட்டுதா?"

"அதைக் கேக்காத." கலோலைனே தாழை ஓலையை மறுபடி மடிமேல் இழுத்துப் போட்டாள். விரல்கள் பின்னத் தொடங்கவில்லை. "கேக்கலைன்னா நான் ஏன் திரும்பி வந்தேன்?"

*

மறுநாள் காலை வேய்சினியா புதுச் செயினைக் கழற்றிவிட்டுப் பழைய செயினையே திரும்பப் பூட்டினாள். பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றோடு ஒன்று தேய்ந்தவை. அவற்றுக்குள் தகராறு கிடையாது, தாவாது. இன்னும் ஒரு தடவை போய்வரத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

"நான் இன்னைக்கு முழிச்சுக்கிட்டே போறேன்" என்று கலோலைனேயிடம் சொன்னாள். "நீங்க வர்றதுன்னா வாங்க."

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. பசியோடு இருந்தால் தூக்கம் வராது. வெயில் உச்சிக்கு வந்ததும், வழக்கமாகக் கண்ணைச் சுற்றிக்கொண்டு வரும் அந்த இருட்டு வந்தது. முழங்கால் காயத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது. இருட்டு விலகியது. வண்டியில் ஏறினாள்.

லாத்து படலைத் திறந்தான். அவள் "நல்லாருக்கியா?" என்று கேட்டதும் படலை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

ஓடுதளம் தாண்டி, தென்னந்தோப்பு தாண்டி, இந்தத் தீவையும் வடக்கே உள்ள ஃபோவா தீவையும் இணைக்கக் கல்லடுக்கிப் போட்ட கடல் பாதை. இடது பக்கம் தண்ணீர் பச்சை, வலது பக்கம் கருநீலம். காற்று முகத்தில் அறைந்தது. கால்கள் தாமாகவே எங்கே அழுத்துவது, எங்கே விட்டுப்பிடிப்பது என்று தெரிந்து மிதித்தன. எந்தக் குழிக்கு ஒதுங்க வேண்டும் என்றுகூடக் கைக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தான் ஒருபோதும் பார்த்திராத குழிகளைத் தன் கை அறிந்திருப்பது.

கடைசி ஊரான ஃபாலெலோவாவைக் கடக்கும்போது, வாசல்களில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சாலை முடிந்த இடத்தில் தாழம்புதர். அதைத் தாண்டினால் மணல், அதற்கப்பால் பாறைத்திட்டு, அதில் அலை உடையும் வெள்ளைக் கோடு. வண்டியைச் சாய்த்து நிறுத்துகிற தென்னை அவளுக்குத் தெரிந்தது. மரப்பட்டையில் கைப்பிடி உரசி உரசி ஒரு தழும்பு.

மணலில் அவள் உட்காருகிற இடமும் தெரிந்தது. புல் செத்து, வழவழவென்று ஆகியிருந்தது. அதன் பக்கத்தில் சீவிக் குடித்த இளநீர்க் கூடுகள் கிடந்தன. பழையவை கறுத்து, புதியவை பச்சை மாறாமல். எல்லாம் இரண்டிரண்டாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன.

வேய்சினியா உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்" என்றாள்.

அலைச் சத்தம். தாழை ஓலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். தூரத்தில் ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டது, நீர்த்தூவல் எழுந்து காற்றில் கலைந்தது.

"கூரை ஒழுகுறதை சரி பண்ணியாச்சு. லாத்து வந்து பண்ணிக் குடுத்தான்." காத்திருந்தாள். "சனிக்கிழமை கறுப்பைக் கழட்டுறாங்க. உங்க வண்டிய அக்கா மகனுக்குக் கேட்டாங்க. குடுத்துறட்டுமா?"

இவ்வளவு நாளும் இந்த இடத்தில் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். சிரிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில்களில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. அதையெல்லாம் வாங்கிக்கொண்டவள் வேறு ஒருத்தி. மத்தியானத்துக்காரி. அவள் மேல் வேய்சினியாவுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடம் முழுக்க அவனோடு இருந்திருக்கிறாள், பாவி.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். பிறகு சத்தமாக, "செமிசி!"

பக்கத்தில் மணல் மணலாகவே இருந்தது.

அப்போதுதான் அது வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு. சட்டைப் பெட்டியின் முன்னால் வராத ஓலம், ஒரு வருடம் எங்கேயோ கிடந்த ஓலம். குனிந்து நெற்றியை மணலில் வைத்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். பறவைகள் புதரிலிருந்து எழும்பின.

எவ்வளவு நேரமோ. மூச்சு வாங்க நிறுத்தியபோது, தாழம்புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், தயங்கித் தயங்கி, வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி:

"வேய்சி. நான் வரலாமா?"

ரொட்டிக் கடை வண்டியில் வந்து இறங்கிய கலோலைனே புதருக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மூன்று ஊரை அதட்டுகிறவள் உத்தரவு கேட்டுக்கொண்டு நின்றாள்.

வேய்சினியா முகத்திலிருந்த மணலைத் துடைத்தாள். இடது பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"வாங்க மதினி," என்றாள். "அவரு இல்ல."

கலோலைனே வந்தாள். தம்பி உட்கார்ந்திருக்கக்கூடிய இடத்தை விட்டு விலகி, சுற்றிக்கொண்டு வந்து, பாரமான உடம்பை மெல்ல இறக்கி வேய்சினியாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு, ஊர் வழக்கப்படி, தன் பங்கு ஓலத்தை எடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுது முடிக்கும்போது அலை ஏறி மணலின் பாதிவரை வந்திருந்தது.

திரும்பும்போது வேய்சினியா வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தாள். கலோலைனேயால் வேகமாக நடக்க முடியாது.

"பின்பல்லு கப்பல்ல வந்ததும் மாத்தித்தான் குடுப்பேன். இப்படியே உங்க மகன் ஓட்டுனா விழுந்து மூக்கை ஒடைச்சுக்குவான்."

"எப்ப முடியுதோ குடு. அவன் ஒண்ணும் அவசரமா எங்கயும் போகப்போறதில்ல, சோம்பேறி." கொஞ்ச தூரம் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்துவிட்டுக் கலோலைனே மறுபடி சொன்னாள், "சியுலா இங்கயே இருக்கட்டும். ஆக்லாந்துல குளிரு. பிள்ளைக்கு ஒத்துக்காது."

வேய்சினியா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஃபாலெலோவாவின் முதல் வீட்டில் ஒருத்தி பூமி அடுப்பைத் திறந்துகொண்டிருந்தாள். சூடான கல்லின் மேலிருந்து வாழையிலையை விலக்கியதும் ஆவி எழும்பியது. தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை மணம் சாலை வரைக்கும் வந்தது. அவள் நிமிர்ந்தாள். இரண்டு பெண்களும் நடந்து வருவதைப் பார்த்தாள். வேய்சினியாவின் முகத்தை, வீங்கிய கண்களை, மூக்கில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள். திரும்பிக்கொள்ளப் போனவள் திரும்பவில்லை.

"எங்க போய்ட்டு வர்றே, வேய்சினியா?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

அந்தத் தீவில் சாலையில் எதிர்ப்படுகிற யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. ஒரு வருடமாக அந்தச் சாலையில் அவளை யாரும் கேட்டதில்லை.

"முனைக்கு" என்றாள் வேய்சினியா. குரல் கட்டிப்போயிருந்தது. "முனைக்குப் போய்ட்டு வர்றேன்."

"சாப்பிட்டியா? வா, வந்து சாப்பிடு. உங்க மதினியையும் கூட்டிட்டு வா."

வேய்சினியா வண்டியை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.